பன்னிரண்டு கத்திகளும் பாவாத்தாளும்

அமராவதியில் அணை கட்டி முடித்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் அந்தப் பக்கத்துக் காடுகளில் கரும்பு ஏறியது. அதுவரைக்கும் சோளமும் கம்பும்தான். கரும்புக்குப் பின்னாலேயே ஆலையும் வந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே பண்ணைகளில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பல, தை பிறந்தால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கரும்பு வெட்டுக்குக் கிளம்பிவிடும். காளிச்சாமியும் அவன் மனைவி பாவாத்தாளும் அப்படிக் கிளம்பினவர்கள். ஒரே மகள். அவளைக் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

மேஸ்திரி மாசாணத்தின் கூட்டத்தில் ஆட்களைத் தலைக்கணக்கில் சொல்ல மாட்டார்கள். கத்திக் கணக்குத்தான். புருசன் வெட்டுவான். பெண்டாட்டி பின்னாலேயே வந்து சோகை என்கிற காய்ந்த தோகையை உரித்து, நுனிக் கொழுந்தாடையைக் கழித்து, கட்டாகக் கட்டி வண்டிக்குச் சுமப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கத்தி. மாசாணத்திடம் பன்னிரண்டு கத்தி இருந்தன.

காளிச்சாமியின் கத்தி பழைய லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்தது. அதை அவன் கல்லில் ஏறக்குறையப் படுக்க வைத்தே தீட்டுவான். கத்தி முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனிகூட நுழையாது. அப்படித் தீட்டிய வாய் கரும்பில் வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கும். ஆனால் அரைச் சால், அதாவது பாதி வரிசை, வெட்டுவதற்குள் அதன் கதை முடிந்துவிடும். காரணம், கரும்பை மண்ணோடு மண்ணாக அறுக்க வேண்டும். சாறெல்லாம் அடியில்தான் இருக்கிறது. இரண்டு விரற்கடை மேலே விட்டு வெட்டினால் தோட்டத்துக்காரர் சென்னகேசவன் குனிந்து கட்டையைத் தொட்டுக் காட்டுவார். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிப்போகும். மண்ணோடு வெட்டினாலோ கத்தி மண்ணையும் பொடிக்கல்லையும் சேர்த்துத் தின்னும். வாய் மடிந்துபோகும், இல்லாவிட்டால் சில்லுப் பெயரும். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை காளிச்சாமி தென்னை மரத்தடியில் உட்கார்ந்து தீட்டுவான். அவன் மட்டுமல்ல, எல்லாருமே அப்படித்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். வெயில் இன்னும் ஏறாத வேளை. தூரடியில் புதைந்து கிடந்த வெள்ளை வெங்கச்சங்கல் ஒன்றில் காளிச்சாமியின் கத்தி மோதியது. 'டிங்' என்று ஒரு சத்தம். பாவாத்தாள் நான்கடி பின்னால் சோகை உரித்துக்கொண்டிருந்தாள். புருசன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குந்துவதைப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க மாமா?"

"தூசி உழுந்துபோச்சு போல" என்றான்.

தூசி இல்லை. கத்தியின் வாயிலிருந்து நெல் முனை அளவுக்குப் பெயர்ந்த இரும்பு. கரும்பு வண்டியிலேயே ஏற்றி உடுமலைக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து பஸ் பிடித்துக் கோயமுத்தூர். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரும்பை எடுத்தார்கள். பார்வை திரும்பவில்லை.

அடுத்த தையில் அவன் மறுபடியும் கத்தியைப் பிடித்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. கரும்பு இருக்கிற இடமும் கத்தி போகிற இடமும் சேரவே இல்லை. மூன்றாம் நாள் கத்தி அவன் செருப்பின் முனையைச் சீவிக்கொண்டு போனது. மாசாணம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் கத்தி பிடித்தவர்தான். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் ஆலையில் நாள் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நாளுக்குள் வெட்டிச் சேர்க்காவிட்டால் கரும்பு காய்ந்து எடை குறையும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"காளி, இந்த வருசம் நீ ஊட்ல இருந்துக்கடா. பதினொரு கத்தி எனக்குப் போதும்" என்றார்.

காளிச்சாமி செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவாத்தாள் தலைச்சும்மாட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேஸ்திரிங்க, நான் வெட்டறேனுங்க. அவரு உரிச்சுக் கட்டட்டும்."

"நீயா?"

"ஆமாங்க."

"பொம்பள கையில தாங்காது அம்மணி. குனிஞ்ச இடுப்பு நிமுராது."

"சொமக்கறப்ப மட்டும் நிமுந்தா கெடக்குதுங்க?"

மாசாணம், "ஒரு வாரம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த வாரத்தின் முதல் நாட்களைப் பாவாத்தாள் எப்படிக் கழித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. புருசன் தீட்டுகிற மாதிரியே கத்தியைப் படுக்க வைத்துத் தீட்டினாள். கூர் என்னவோ வந்தது. ஆனால் அவள் கைக்கு அது நிற்கவில்லை. பழகின கை வெட்டும்போது கத்தி கல்லுக்கு மேலே ஒரு நூல் தள்ளியே போகும். பழகாத கை எல்லாவற்றிலும் மோதும். கால் சால் முடிவதற்குள் வாய் ரம்பமாகிவிடும். ஒவ்வொரு முறை கல் மோதும்போதும் அவளை அறியாமல் கண்கள் மூடிக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு கரும்பு வெட்ட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை கத்தியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கொல்லுப்பட்டறை ராசப்பன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாய் ரொம்ப மெலிசு. உன்ற கைக்கு ஆகாது. தடிப்பா அராவித் தாரேன். ஒரு நாளு பூரா நிக்கும்" என்றார்.

சொன்னதுபோல அரத்தால் ராவி, கட்டைவிரலை நுழைக்கிற அளவுக்கு முதுகைத் தூக்கிப் பிடித்துத் தீட்டிக் கொடுத்தார். வாய் உளி மாதிரி இருந்தது. உண்மையாகவே நின்றது. காலையில் பிடித்தால் பொழுது சாய்கிறவரைக்கும் சில்லுப் பெயரவில்லை, மடியவில்லை. ஆனால் கரும்பில் இறங்கமாட்டேன் என்றது. ஒரு வெட்டில் சாய வேண்டிய கரும்புக்கு இரண்டு வெட்டு, சிலதுக்கு மூன்று. சாயங்காலம் அவளால் சோற்றுக் கையை வாய்வரைக்கும் தூக்க முடியவில்லை. காளிச்சாமி பிசைந்து உருட்டி அவள் இடது கையில் வைத்தான்.

மூன்றாம் நாள் சென்னகேசவன் வந்தவர் சாலின் நடுவில் நின்றுவிட்டார். வெட்டிய தூரெல்லாம் பிளந்து நார்நாராக நின்றது.

"யாரப்பா இந்தச் சாலு? கட்டை பொளந்து கெடக்குது. மறுதாம்பு எப்படி வரும்?" என்று கேட்டார். வெட்டின தூரிலிருந்து முளைத்து வருகிற அடுத்த கரும்புதான் மறுதாம்பு. அது போனால் அவருக்கு ஒரு வருசப் பாடு போச்சு. மாசாணம் பாவாத்தாளைத் திரும்பிப் பார்த்தார். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று வேலை முடிந்ததும் அவள் தென்னை மரத்தடியில் கல்லைப் போட்டு உட்கார்ந்தாள். கையைத் தூக்கவே முடியாத அசதி. மெலிசானால் நிற்கவில்லை. தடித்தால் இறங்கவில்லை. கத்தியை வெறுமனே கல்லின் மேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். கரும்பில் கத்தி எங்கே சிக்குகிறது என்று யோசித்துப் பார்த்தாள். வாயின் விளிம்பில் சிக்கவில்லை. விளிம்பு உள்ளே போய்விடுகிறது. விளிம்புக்குப் பின்னால் திமில்போல் தடித்திருக்கிற இடம்தான் போகவிடாமல் இடிக்கிறது. அப்படியானால் விளிம்பை எதற்குத் தொடவேண்டும்?

கத்தியைப் படுக்க வைத்தாள். விளிம்பு கல்லில் படாமல், பின்னால் இருந்த அந்தத் தடிப்பை மட்டும் தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம், மறு பக்கம். அன்றும் மறுநாளும் கிடைத்த நேரத்திலெல்லாம் தேய்த்தாள். திமில் கரைந்து உடம்பு மெலிந்தது. கடைசியில் முதுகைத் தூக்கிப் பிடித்து, பக்கத்துக்கு நாலு இழுப்பு மட்டும் இழுத்து வாயைக் கெட்டியாக்கினாள். உடம்பு காளிச்சாமி தீட்டின மாதிரி, வாய் மட்டும் ராசப்பன் தீட்டின மாதிரி. அந்தத் தடித்த வாய் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், நூலிழை அகலம்.

காளிச்சாமி கத்தியை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"ரெண்டு வாட்டமா இருக்குது?"

"ஆமாங்க."

"நிக்குமா?"

"நாளைக்குப் பாக்கலாமுங்க."

நின்றது. ஒரே வெட்டில் கரும்பு சாய்ந்தது, தூர் பிளக்கவில்லை. மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது ஒரே ஒரு தடவை தீட்டினாள், அதுவும் நாலு இழுப்பு. சாயங்காலம் அவள் சால் மற்றவர்களுக்குச் சமமாக முடிந்திருந்தது. வலி போய்விடவில்லை. ஆனால் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள்.

பத்து நாளில் மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். "அக்கா, எனக்கும் அப்படிப் போட்டுக் குடுங்க" என்று ஞாயிற்றுக்கிழமையில் கத்தியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பன்னிரண்டு கத்தியையும் அவளே தீட்டினாள். காளிச்சாமி தண்ணீர் ஊற்றினான். அவன் முகத்தில் அந்த ஒரு வருசத்தில் இல்லாத ஒரு தெளிவு அன்றைக்கு இருந்தது. அவள் மனசுக்குள்ளும் ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. வெட்டுக்காரர்கள் மத்தியில் ஒரு பெண் தீட்டின கத்திக்குப் பெயர் வந்துவிட்டது.

ஒரு மாதம் போனது. அதற்குள் மாசாணம் நாளைக்கு மூன்று வண்டி என்றிருந்ததை நாலு வண்டியாக்கிவிட்டார். பிறகு அது நாலரையானது. ஏனென்று யாருக்கும் முதலில் உறைக்கவில்லை. கத்தி நின்றதால் வேலை ஓடியது, வேலை ஓடியதால் வண்டி கூடியது. யாராவது முதுகை நிமிர்த்த மரத்தடிப் பக்கம் போனால், "கத்தி நல்லாத்தான இருக்குது? எதுக்குப்பா உக்கார்றீங்க?" என்று கேட்டார் மேஸ்திரி. முன்னெல்லாம் தீட்டுவதற்காக ஆறேழு தடவை உட்காருவார்கள். ஒருவன் தீட்டும்போது இன்னொருவன் வெற்றிலை போடுவான், பெண்கள் தண்ணீர் குடிப்பார்கள், காலில் ஏறிய கரும்புத் தோகையின் சுணை முள்ளைத் துடைப்பார்கள். இப்போது அந்த மரத்தடி காலியாகக் கிடந்தது.

ராசாத்தாள் என்று ஒரு சின்னப் பெண் கூட்டத்தில் இருந்தாள். கைக்குழந்தைக்காரி. வேப்ப மரத்தில் தொட்டில் கட்டியிருந்தாள். புருசன் தீட்ட உட்காரும் நேரத்தில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது அவள் வழக்கம். ஒரு நாள் கட்டுச் சுமந்து வரும்போது அவள் ரவிக்கை முழுவதும் நனைந்திருந்ததைப் பாவாத்தாள் பார்த்தாள். வியர்வை என்று நினைத்தாள். பக்கத்தில் வந்ததும்தான் பால் என்று தெரிந்தது. தூரத்தில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராசாத்தாள் தன் புருசனின் கத்தியைக் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"என்ன கண்ணு?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதைச் சித்தெ மொண்ணையாத் தீட்டிக் குடுங்க."

பாவாத்தாளுக்குச் சுருக்கென்றது. கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை இவள் வேண்டாம் என்கிறாளே என்று முதலில் கோபம்தான் வந்தது. "மொண்ணைக் கத்தியில வெட்டினா உன்ற ஊட்டுக்காரன் கை உளுந்துபோயிரும்" என்றாள்.

"கையி உளுந்தாலும் உக்காருவாங்கல்லக்கா" என்றாள் ராசாத்தாள். அழவில்லை. அழுவதற்கும் உட்கார ஓர் இடம் வேண்டும். "நாலு நாளா பகல்ல பாலே குடுக்கல. கட்டிக்கிட்டு வலிக்குது."

அவள் போன பிறகு பாவாத்தாள் கத்தியைத் தொடாமல் இருந்தாள். காளிச்சாமி பக்கத்தில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நீங்க அத்தனை மெலிசாத் தீட்டினது இதுக்குத்தானுங்களா?"

அவன் சிரித்தமாதிரி இருந்தது. "அப்படி ரோசனை பண்ணித் தீட்டினேன்னு சொல்ல முடியாது. எங்கய்யன் அப்படித் தீட்டினாரு. நானும் தீட்டினேன். ஆனா, உக்காரணும்னா ஒரு சாக்கு வேணுமல்ல? சும்மா உக்காந்தா சோம்பேறிங்கறாங்க. கல்லு முன்னால உக்காந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"கண்ணு போச்சேங்க அதுல."

"போச்சு" என்றான். பீடியை இழுத்தான். "அதனால அவ்வளவு மெலிசு வேண்டாம்."

பாவாத்தாள் ராசாத்தாள் புருசனின் கத்தியை எடுத்தாள். மொண்ணையாக்க அவளுக்கு மனசு வரவில்லை. மொண்ணைக் கத்தி வழுக்கும், காலில் இறங்கும். அவ்வளவு மெலிசும் கூடாது, கண்ணில் தெறிக்கும். நடுவில் ஓர் இடம் இருக்கவேண்டும். உடம்பை மெலிசாகவே விட்டாள். வாய்க்குத் தூக்குகிற முதுகை மட்டும் கட்டைவிரலிலிருந்து மோதிர விரலுக்கு இறக்கினாள். இப்படித் தீட்டினால் சில்லுப் பெயராது, மெல்ல மடியும். நன்றாக வெட்டும், ஆனால் வெகு நேரம் வெட்டாது. ஒரு சால் முடிகிறபோது 'என்னைத் தீட்டு' என்று சொல்லும். இந்த அளவு பிடிபட அவளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பிடிபட்டதும் பன்னிரண்டு கத்தியையும் அப்படியே மாற்றினாள். யாரிடமும் எதையும் விளக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மரத்தடியில் மறுபடியும் ஆள் தெரிந்தது. தொட்டில் பக்கம் ராசாத்தாள் போய் வந்தாள். வண்டி நாலுக்கு இறங்கி, மூன்றரையில் நின்றது.

மாசாணம் மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் பாவாத்தாளிடம் வந்தார்.

"என்ன அம்மணி, கத்தியெல்லாம் திடீர்னு நிக்க மாட்டேங்குது?"

"இந்தக் காட்டு மண்ணு அப்படிங்க. கல்லு எச்சு."

"போன காட்டுலயும் கல்லுத்தான்."

அவர் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கினார். வெயிலுக்கு நேரே பிடித்து வாயைப் பார்த்தார். நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற கரும்பு ஒன்றைத் தானே குனிந்து வெட்டினார். அது சத்தமில்லாமல் சாய்ந்தது. வெட்டுவாயை விரலால் தடவினார். இருபது வருசம் கத்தி பிடித்த ஆளுக்கு அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. குனிந்த இடுப்பை நிமிர்த்த அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழங்காலில் கையை ஊன்றித்தான் நிமிர்ந்தார்.

"நாலு வாட்டி" என்றார் கத்தியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "அஞ்சாவது வாட்டி யாராச்சும் கல்லுல உக்காந்து பாத்தேன்னா, வேற கூட்டத்தைக் கொண்டாந்து உட்டுருவேன்."

"சரிங்க" என்றாள் பாவாத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, ஜெயித்தது என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் அந்தக் கூட்டம் நாளைக்கு நாலு தடவை உட்கார்ந்தது. ஈர மண்ணுக்கு ஒரு தீட்டு, காய்ந்து இறுகிய மண்ணுக்கு ஒரு தீட்டு, செம்மண் காட்டுக்கு ஒரு தீட்டு என்று அவள் கணக்குப் போட்டாள். இரும்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து ராசப்பன் தீட்டினார். அவளோ, ஆள் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத் தீட்டினாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவன் கத்தி அந்த வாரம் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும். மாசாணம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

அப்படி ஆறு தை போனது. ஒவ்வொரு வருசமும் அவள் வலது தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சீலை மாராப்பு அந்தப் பக்கம் நிற்காமல் சரிந்தது. அறுபத்தேழில் காளிச்சாமி நெஞ்சில் சளி கட்டி, ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தான். அடுத்த தையில் அவள் தன் அண்ணன் மகனை உரிக்கிற ஆளாகச் சேர்த்துக்கொண்டு ஒரு வருசம் வெட்டினாள். அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் கட்டிய கட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது காளிச்சாமி மாதிரி அவளைத் திரும்பிப் பார்க்க மாட்டான். அதில் அவளுக்கு என்னமோ ஒரு வெறுமை.

அறுபத்தெட்டு சித்திரையில் கடைசித் தோட்டம் முடிந்த அன்றைக்கு அவள் மாசாணத்திடம் போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் நான் வல்லீங்க."

"ஏன் அம்மணி?"

"முடியலீங்க."

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்தார். "எனக்குந்தான் முடியல" என்றார். "கத்தியெல்லாம் இனி யாரு தீட்டறது?"

"ராசாத்தா தீட்டுவாளுங்க. பாத்து வெச்சிருக்கறா."

மறுநாள் பஸ் ஏறிக் கோபிக்குப் போனாள். மருமகன் வாழைத் தோட்டத்தில் இலை அறுக்கிறவன். வீடு வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. மகள் வெந்நீர் வைத்துத் தோளுக்கு ஒற்றடம் கொடுத்தாள். மருமகன் தன் இலைக்கத்தியைக் கொண்டுவந்து, "அத்தை, நீங்க நல்லாத் தீட்டுவீங்களாமுங்களே" என்று தயக்கத்தோடு நீட்டினான்.

பாவாத்தாள் வாங்கிப் பார்த்தாள். சின்னக் கத்தி, காகிதம்போல் மெலிந்த வாய். மண்ணும் கல்லும் படாத வேலை.

"இது இப்படியே இருக்கட்டும் மாப்பிள்ளை" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு பாயை இழுத்துப் போட்டு இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். பகல் பதினொரு மணி இருக்கும். மகள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, எழுப்பாமல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனாள்.